சார் இருக்காருங்களா?: கொங்கு மண்டல அரசு அலுவலகங்களும் மின்னணு வருகைப் பதிவும்

திருப்பூரில் பனியன் கம்பெனிக் கூலியை ஷிப்டுக் கணக்கில்தான் பேசுவார்கள். காலை எட்டரைக்கு உள்ளே போய் மாலை ஐந்தரைக்கு வெளியே வந்தால் ஒரு ஷிப்டு. இரவு எட்டரை வரை நின்றால் ஒன்றரை. சனிக்கிழமை சாயங்காலம் அந்த வாரம் எத்தனை ஷிப்டு என்று எண்ணிப் பார்த்துத்தான் சம்பளம் கைக்கு வரும். அந்தத் தொழிலாளி வாரிசுச் சான்றுக்கோ பட்டா மாறுதலுக்கோ தாலுகா ஆபீசுக்குப் போனால் அன்று அரை ஷிப்டாவது போய்விடும். போன இடத்தில் "சார் கேம்ப் போயிருக்காருங்க, நாளைக்கு வாங்க" என்று பதில் கிடைத்தால் இன்னொரு அரை ஷிப்டு. சோமனூரில் தறி ஓட்டுகிறவருக்கும், ஆனைமலைப் பக்கம் தேங்காய் உரிக்கப் போகிறவருக்கும் இதே கணக்குதான். அரசு ஊழியர் இருக்கையில் இல்லாததால் ஏற்படும் நட்டத்தில் பெரும்பகுதி அரசின் கஜானாக் கணக்கில் வராது. அது கூலிக்காரர்களின் சனிக்கிழமைச் சம்பளத்தில் குறையும்.

கைரேகை இயந்திரம், முகப்பதிவுச் செயலி, ஜி.பி.எஸ். என்று கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக நடக்கும் முயற்சிகளை இந்த நட்டத்தை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்று நினைக்கிறேன். வருகையைப் பதிவது எளிது. பதிந்ததை யார் பார்க்கிறார், பார்த்தவர் என்ன செய்கிறார், அரை ஷிப்டு இழந்தவருக்கு அதிலிருந்து என்ன தெரியவருகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் இருந்த இடங்களில் நல்ல பலன் கிடைத்திருக்கிறது. பதில் இல்லாத இடங்களில் இயந்திரம் சுவரில் தொங்குகிறது, நிலைமை பழையபடியே இருக்கிறது.

வருகையைக் கண்காணிப்பது நம் நிர்வாகத்துக்குப் புதிய யோசனை இல்லை. வருகைப் பதிவேடு, வெளியே போனால் எழுத வேண்டிய நடமாட்டப் பதிவேடு, தாமதமாக வந்தால் தற்செயல் விடுப்பைக் கழிக்கும் விதி எல்லாம் பிரிட்டிஷ் காலத்து அலுவலக நடைமுறையிலிருந்து வந்தவை. காலையில் குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு பதிவேடு அதிகாரியின் மேசைக்குப் போய்விட வேண்டும் என்பது நடைமுறை. பல இடங்களில் அது கண்காணிப்பாளரின் இழுப்பறையிலேயே இருக்கும். நேற்றைக்கும் இன்றைக்குமாகச் சேர்த்துக் கையெழுத்து விழும். கையெழுத்துப் போடாத கட்டத்தில் பென்சிலில் ஒரு சின்னப் புள்ளி வைத்திருப்பார்கள். அது பிறகு தற்செயல் விடுப்பு (சி.எல்.) ஆகலாம், வெளிப்பணி (ஓ.டி.) ஆகலாம், பர்மிஷனாகவும் ஆகலாம். என்ன ஆகும் என்பது அந்த அலுவலகத்தில் யாருக்கு யாரோடு என்ன உறவு என்பதைப் பொறுத்தது. மின்னணுப் பதிவு வந்ததன் முதல் நியாயம் இந்தப் பென்சில் புள்ளிதான். நேரத்தைப் பிறகு மாற்றி எழுத முடியாத ஒரு பதிவு வேண்டும் என்பது சரியான கோரிக்கை.

மத்திய அரசு 2014-ல் தில்லி அலுவலகங்களில் ஆதார் இணைந்த பயோமெட்ரிக் வருகைப் பதிவைத் தொடங்கியது. எந்தத் துறையில் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய இணையதளமும் அதோடு வந்தது. தமிழ்நாட்டில் இதைப் பெரிய அளவில் எடுத்துச் சென்றது பள்ளிக் கல்வித் துறை. அப்போதைய அமைச்சர் கோபிசெட்டிபாளையம் கே.ஏ. செங்கோட்டையன் காலத்தில், 2018, 2019 ஆண்டுகளில், 7,000-க்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஆசிரியர் வருகைக்கான கைரேகைக் கருவி திட்டமிடப்பட்டது. ஆதார் இணைப்பை எதிர்த்து வந்த ஆசிரியர் தரப்பு மனுவை 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2020-ல் கொரோனா வந்ததும் ஒரே கருவியில் எல்லோரும் விரல் வைப்பது ஆபத்தென்று நாடு முழுக்கக் கைரேகை நின்றது. மத்திய அலுவலகங்களில் 2021 நவம்பரில் மீண்டது. தமிழகப் பள்ளிகளில் அந்த இடத்தைக் கைபேசிச் செயலி பிடித்துக்கொண்டது. இப்போது மாநில அரசு ஊழியரின் சம்பளப் பட்டியலும் விடுப்பு விண்ணப்பமும் 'களஞ்சியம்' செயலியில் வந்துவிட்டன. ஊழியர்களைக் கலந்து பேசாமல் பயோமெட்ரிக் கொண்டுவந்ததாலேயே அது சட்டவிரோதமாகிவிடாது என்று உச்ச நீதிமன்றமும் 2025 அக்டோபரில் சொல்லிவிட்டது. ஆகவே வருகையை இயந்திரத்தில் பதியலாமா என்ற விவாதம் சட்டத்தைப் பொறுத்தவரை முடிந்த மாதிரிதான்.

பலன் உண்டா என்பது வேறு விவாதம். அதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன, ஆனால் நம் ஊர்ப் பேச்சுகளில் அவை அடிபடுவதே இல்லை. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் நோயின் அளவு. 2002, 2003 ஆண்டுகளில் இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் சொல்லாமல் கொள்ளாமல் பள்ளிகளுக்கும் சுகாதார நிலையங்களுக்கும் போய்ப் பார்த்தார்கள். பொருளியலாளர்கள் மைக்கேல் கிரெமர், கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட குழு அது. இந்தியாவில் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் 25 சதவீதம் பேர் பள்ளியில் இல்லை. சுகாதாரப் பணியாளர்களில் 40 சதவீதம் பேர் இல்லை. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஐந்தில் ஒருவர் இல்லை. ஜார்க்கண்டைவிட நல்ல நிலை, மகாராஷ்டிரத்தைவிட மோசம். என்னை அதிகம் யோசிக்க வைத்தவை வேறு இரண்டு விவரங்கள். ஒன்று, பதவி ஏற ஏற வராமையும் ஏறியது: தலைமையாசிரியர்களின் வராமை ஆசிரியர்களுடையதைவிட அதிகம், மருத்துவர்களுடையது மற்றப் பணியாளர்களுடையதைவிட அதிகம். இன்னொன்று, ஏறக்குறைய 3,000 அரசுப் பள்ளிகளில் விசாரித்ததில், அடிக்கடி வராததற்காக ஆசிரியர் ஒருவர் வேலை இழந்ததாகச் சொன்ன தலைமையாசிரியர் ஒரே ஒருவர்.

அடுத்து மருந்து. ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம் ஓராசிரியர் பள்ளிகளை நடத்திவந்தது. 2003-ல் அவற்றில் பாதிக்கு ஒரு கேமரா கொடுத்தார்கள். படத்தில் தேதியும் நேரமும் விழும், அதை மாற்ற முடியாது. காலையிலும் பள்ளி முடியும்போதும் ஒரு மாணவன் ஆசிரியரையும் பிள்ளைகளையும் படம் எடுக்க வேண்டும். சம்பளம் அந்தப் படங்களின் கணக்குப்படி: மாதம் 20 நாளுக்கு மேல் வந்த ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் கூடும், குறைந்த ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் குறையும். வராமை 42 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாக, சரிபாதியாக இறங்கியது. பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண்ணும் ஏறியது. பொருளியலாளர் எஸ்தர் டஃப்ளோவும் அவர் கூட்டாளிகளும் செய்த இந்த ஆய்வைத்தான் கருவிக்காகப் பேசுகிறவர்கள் முன்னால் வைப்பார்கள்.

அதே மாவட்டத்தில், அதே டஃப்ளோவும் அபிஜித் பானர்ஜியும், அதே சேவா மந்திரோடு சேர்ந்து, 2006-ல் அரசுத் துணைச் செவிலியர்களிடம் முயன்றார்கள். நேரம் அச்சிடும் இயந்திரம் வைத்தார்கள். வராத நாளுக்குச் சம்பளம் பிடிப்பதாக மாவட்ட சுகாதார நிர்வாகம் அறிவித்தது. முதல் சில மாதங்கள் வருகை கணிசமாக உயர்ந்தது. பிறகு மெல்ல மெல்ல 'விலக்கு நாள்' கூடியது. கூட்டத்துக்குப் போனேன், கணக்கெடுப்புக்குப் போனேன், இயந்திரம் வேலை செய்யவில்லை என்று எழுதிக் கொடுத்தால் மேலே இருப்பவர் அதை ஏற்றுக்கொண்டார். 16 மாதம் கழித்துப் பார்த்தபோது இயந்திரம் வைத்த நிலையத்துக்கும் வைக்காத நிலையத்துக்கும் வித்தியாசமே இல்லை. இயந்திரம் கடைசிவரை சரியாகத்தான் பதிந்தது. அதன் மேல் கை வைத்து 'விலக்கு' என்று எழுத முடிந்த அதிகாரம்தான் பதிவைச் சாப்பிட்டது. பென்சில் புள்ளி கணினிக்குள் குடியேறியது என்று சொல்லலாம்.

மருந்தைச் சோதித்த மூன்றாவது ஆய்வு நமக்கு மிகவும் பக்கத்தில், திம்பம் மலையைத் தாண்டினால் வரும் கர்நாடகத்தில் நடந்தது. அங்கே 322 ஆரம்ப சுகாதார நிலையங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் 140 நிலையங்களில் கைரேகைக் கருவி வைத்தார்கள். இக்பால் தாலிவாலும் ரெமா ஹன்னாவும் ஆராய்ந்தார்கள். செவிலியர், ஆய்வக நுட்பர், மருந்தாளுநர் வருகை கூடியது. மருத்துவர் வருகை அசையவில்லை. கருவி சொன்னபடி மருத்துவரின் விடுப்பைக் கழிக்கவோ விளக்கம் கேட்கவோ மேலதிகாரிகளுக்கு மனம் இல்லை. கேட்டால் அவர் வேலையை விட்டுப் போய்விடுவார், கிராமத்துக்கு இன்னொருவர் கிடைக்கமாட்டார் என்ற பயம். ஆனாலும் செவிலியர்கள் கூடுதல் நேரம் இருந்ததாலேயே அந்தப் பகுதிகளில் எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளின் விகிதம் குறைந்தது. வருகைப் பதிவு வீண் என்று பேசுகிறவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான். ஒரு செவிலியர் நாற்காலியில் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் குழந்தையின் எடையில் தெரிந்திருக்கிறது.

இந்த மூன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு கொங்கு மண்டலத்துக்கு வருவோம்.

கோவை மாவட்டம் என்றால் அவிநாசி சாலை நினைவுக்கு வரும். வால்பாறையும் கோவை மாவட்டம்தான். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். ஈரோடு மாவட்டத்தில் தாளவாடிக்குப் போக திம்பத்தில் 27 வளைவுகள். அந்தச் சாலையில் 2022 பிப்ரவரியிலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு வேறு. அந்தியூருக்கு மேலே பர்கூர், சத்தியமங்கலத்துக்கு மேலே கடம்பூர், நாமக்கல்லில் 70 வளைவுகள் ஏறிப் போக வேண்டிய கொல்லிமலை. இந்த ஊர்களில் பணி நியமனம் பெறுகிறவர்களில் பலர் கீழே சமவெளியிலேயே குடியிருந்து தினமும் பஸ்ஸில் ஏறி இறங்குகிறார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வாழ்க்கைத்துணையின் வேலை, வாடகைக்குக் கிடைக்கும் வீடு எல்லாம் கீழே இருக்கின்றன. பஸ் பத்து மணிக்குச் சேர்ந்தால் ஆசிரியர் பத்து மணிக்கு வருவார். கடைசி பஸ் மூன்று மணிக்கென்றால் மூன்று மணிக்குக் கிளம்புவார். இவர்களிடம் முகப்பதிவுச் செயலியைக் கொடுத்தால் அது உண்மையைப் பதியும். பஸ் நேரத்தை மாற்றாது.

சிக்னல் கதையும் உண்டு. எஸ்டேட் லைன் வீடுகளைச் சுற்றிவரும் கிராம சுகாதார செவிலியரை எண்ணிப் பாருங்கள். மலைப் பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. அவருக்கு வேலை நிலையத்தில் குறைவு, லைன் வீடுகளில் அதிகம். கர்ப்பிணிப் பெண் தேயிலை பறிக்கப் போகுமுன் காலை ஏழு மணிக்கே பிடித்தால்தான் ரத்த அழுத்தம் பார்க்க முடியும். அந்த நேரத்தில் அவர் நிலையத்துக்கு நடந்து, டவர் கிடைக்கும் மேட்டில் ஏறி நின்று, கைபேசியை உயர்த்திப் பிடித்து முகம் பதிந்துவிட்டு வந்தால் அந்தப் பெண் காட்டுக்குள் போயிருப்பாள். களத்தில் வேலை செய்கிறவரை அலுவலகச் சுவரோடு கட்டிப்போடும் வருகைப் பதிவு வேலையைக் கெடுக்கும். அவருக்கு ஏற்கனவே எத்தனை பேருக்கு ஊசி போட்டார், எத்தனை வீடு பார்த்தார் என்ற பதிவேடுகள் இருக்கின்றன. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீட்டு வாசலில் பார்த்த ஒவ்வொருவரின் விவரமும் பதிவாகிறது. அந்தப் பதிவே வருகைக்குச் சான்றாகட்டும் என்பது என் கட்சி. சிக்னல் இல்லாத இடத்தில் பதிந்து, சிக்னல் வந்ததும் தானே மேலே ஏறும் வசதி செயலிகளில் கட்டாயம் இருக்க வேண்டும். கடினமான தொழில்நுட்பம் இல்லை இது.

கோவை நகருக்குள் வந்தால் கதை வேறு. ஐந்து மண்டலம், 100 வார்டு கொண்ட மாநகராட்சியில் விடியற்காலையில் முதலில் வருகை பதிகிறவர்கள் தூய்மைப் பணியாளர்கள். கைரேகை, முகப்பதிவு என்று எது புதிதாக வந்தாலும் முதலில் வருவது இவர்களிடம்தான். இதில் நியாயமான காரணமும் ஒன்று இருக்கிறது. ஒப்பந்த முறையில் மஸ்டர் ரோலில் இருக்கும் எண்ணிக்கைக்கும் தெருவில் நிற்கும் ஆட்களுக்கும் வித்தியாசம் வந்தால் அந்தப் பணம் யாரோ ஒருவரின் பைக்குப் போகிறது. உண்மையில் வந்த ஆளின் முகம் பதிந்தால் அந்தத் திருட்டு கடினமாகும். வந்தவருக்கும் 'நீ வரவில்லை' என்று கூலியை வெட்ட முடியாது. ஆனால் அந்தப் பதிவு பணியாளரின் கைக்குப் போகிறதா? தான் எத்தனை நாள் வந்ததாகக் கணக்கில் இருக்கிறது, அதற்கு எவ்வளவு கூலி, எவ்வளவு பி.எஃப். கட்டப்பட்டது என்று அவர் தன் கைபேசியில் பார்க்க முடிந்தால் இந்தக் கருவிக்கு அவரே காவலாக இருப்பார். 2022 அக்டோபரில் கோவையின் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தது மாவட்ட ஆட்சியர் நிர்ணயித்த தினக்கூலியைக் கேட்டுத்தான். வருகை நிமிடக் கணக்கில் பதியப்படும்போது கூலியும் அதே துல்லியத்தோடு பதியப்பட வேண்டும் என்று அவர்கள் கேட்பதில் என்ன தவறு?

நாக்பூர், சண்டிகர், பஞ்ச்குலா நகரங்களில் தூய்மைப் பணியாளரின் மணிக்கட்டில் ஜி.பி.எஸ். கடிகாரம் கட்டினார்கள். கழிப்பறைக்குப் போவதும் அதில் பதியும் என்று பெண் பணியாளர்கள் குமுறினார்கள். அந்த நகரங்களின் பொறியாளர்கள், வருவாய் அலுவலர்கள் மணிக்கட்டில் அது ஏறவில்லை. பதவி ஏற ஏற வராமையும் ஏறுகிறது என்று 20 ஆண்டுகளுக்கு முன்பே ஆய்வு சொன்னது. கண்காணிப்போ பதவி இறங்க இறங்கக் கூடுகிறது. மின்னணு வருகைப் பதிவின் பெரிய அநீதி இதுதான் என்று எண்ணுகிறேன். தன் மேலதிகாரி எப்போது வந்தார் என்பது தெரியாத அலுவலகத்தில் கீழ்நிலை ஊழியர் அந்தக் கருவியைத் தனக்கெதிரான ஒன்றாகத்தான் பார்ப்பார்.

மேலே இருப்பவர்களிடம் கருவி உறுதியாகப் போன ஓர் இடம் மருத்துவக் கல்லூரி. தேசிய மருத்துவ ஆணையம் பேராசிரியர்களுக்கு ஆதார் வருகைப் பதிவைக் கட்டாயமாக்கி, 75 சதவீத வருகையைக் கேட்டது. 2025 மே 1 முதல் கைபேசியில் முகப்பதிவு. ஆய்வு நாளன்று மட்டும் தலைகாட்டும் பெயரளவுப் பேராசிரியர்களை ஒழிக்க இது தேவைதான். 1966-ல் தொடங்கிய கோவை மருத்துவக் கல்லூரியோடு, சேலம், பெருந்துறை, கரூர், பிறகு 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறந்த 11 கல்லூரிகளில் திருப்பூர், நாமக்கல், நீலகிரி என இப்பகுதியில் அரசுக் கல்லூரிகள் பெருகியிருக்கின்றன. கல்லூரி பெருகிய வேகத்தில் பேராசிரியர் பணியிடங்கள் நிரம்பவில்லை. 2025-ல் தமிழ்நாட்டின் பெரும்பாலான அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியபோது அதில் வருகைக் குறைவும் காலியிடமும் சேர்ந்தே இருந்தன. இரவுப் பணி முடித்துக் காலையில் போகும் மருத்துவரின் நேரத்தை ஒன்பது மணிக் கணக்கில் அடைக்கக் கூடாது என்ற அவர்களின் குறையும் நியாயம். ஆனாலும் இங்கே கருவி ஒரு நல்ல வேலை செய்தது: காலி நாற்காலி எத்தனை என்பதை அரசின் கணக்கிலேயே அம்பலப்படுத்தியது.

கருவியை ஏமாற்றுவது பற்றிப் பலரும் முதலில் கேட்பார்கள். ஏமாற்றுவார்கள். பிரேசிலில் 2013-ல் ஒரு பெண் மருத்துவர் சக மருத்துவர்களின் ரேகை பதித்த ஆறு சிலிக்கான் விரல்களோடு பிடிபட்டார். நம் நூறுநாள் வேலைத் திட்டத்தில் 2021-ல் வந்து, 2023 ஜனவரியிலிருந்து கட்டாயமான என்.எம்.எம்.எஸ். செயலியில், வேலைத்தளப் படத்தைத் தினமும் இரண்டு முறை ஏற்ற வேண்டியிருந்தது. சம்பந்தமில்லாத படங்கள், படத்தையே படமெடுத்து ஏற்றுவது, ஒரே ஆள் பல மஸ்டர் ரோலில் தெரிவது என்று என்னென்ன நடக்கிறது என மத்திய ஊரக வளர்ச்சித் துறையே 2025 ஜூலையில் பட்டியலிட்டு, படங்களை அலுவலர்கள் நேரில் சரிபார்க்கச் சொன்னது. ஒழுங்காக வேலைக்கு வந்த பாட்டி, சர்வர் வேலை செய்யாததால் கூலி இழந்த சம்பவங்களுக்கு இந்தியா முழுக்கக் குறைவே இல்லை. மண் வெட்டிய கையிலும், மஞ்சள் வேகவைத்த கையிலும் ரேகை தேய்ந்திருக்கும். ரேஷன் கடையில் முதியவர்கள் விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பதை எல்லோரும் கண்டிருக்கிறோம். ஆகவே கருவி பதியாத நாளுக்குக் கூலியை மறுக்கும் அதிகாரம் கருவிக்கு இருக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் ஆள் போய்ப் பார்க்க வேண்டும்.

இனி, ஆள் வராமைக்கும் ஆளே இல்லாமைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு வருகிறேன். 1980-ல் பரம்பரைக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகளை ஒழித்த பிறகு வந்தவர் கிராம நிர்வாக அலுவலர். அவர் தன் கிராமத்திலேயே இருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. பக்கத்துக் கிராமம் காலியென்றால் அதுவும் அவர் பொறுப்பில் வரும். இரண்டு கிராமம் பார்க்கிறவர் எந்த நாளும் ஒரு கிராமத்தில் 'வரவில்லை'தான். அதற்கு மேல் முகாம்கள். 'மக்களுடன் முதல்வர்' திட்டம் 2023 டிசம்பரில் கோவையில்தான் தொடங்கியது. 2025-ல் 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்கள் வந்தன. வாரந்தோறும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டம். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது வீடு வீடாகப் படிவம் கொண்டுபோனவர்களில் ஆசிரியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் ஏராளம். முகாமில் மனு வாங்கிய அலுவலர் திரும்பி வந்து அந்த மனுவைப் பார்க்க இருக்கைக்கு வர வேண்டிய நாளில் அடுத்த முகாமில் இருக்கிறார். அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை 2017-ல் ஆறு மாநிலங்களில் 619 பள்ளிகளைப் பார்த்தபோது 18.5 சதவீத ஆசிரியர்கள் பள்ளியில் இல்லை. ஆனால் காரணமின்றி வராதவர்கள் 2.5 சதவீதமே. மீதிப் பேர் விடுப்பிலும் அரசு ஏவிய வேறு வேலையிலும் இருந்தார்கள். 25 சதவீதம் என்ற பழைய கணக்கும் இந்த 2.5-ம் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. எதை வராமை என்று எண்ணுகிறோம் என்பதில்தான் வித்தியாசம். பெற்றோருக்கோ மனுதாரருக்கோ அந்த வித்தியாசம் முக்கியமில்லை. அன்று அவர்கள் கண்டது காலி நாற்காலி.

இதனால்தான் வருகைப் பதிவில் 'ஓ.டி.' என்ற கட்டத்தை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். உதய்ப்பூர்த் திட்டம் அந்தக் கட்டத்தில்தான் செத்தது. யார் அனுப்பினார், எங்கே, எத்தனை மணி நேரம் என்ற மூன்றும் இல்லாமல் ஓ.டி. பதிய முடியாது என்று செயலியை வடிவமைக்கலாம். மாதக் கடைசியில் ஓர் அலுவலகத்தின் மொத்த மனித நாட்களில் எத்தனை சதவீதம் ஓ.டி.யில் போனது என்று எடுத்தால், ஊழியர் ஏமாற்றுகிறாரா, அரசே அவரைப் பிய்த்து எடுக்கிறதா என்பது தெளிவாகிவிடும்.

எதிர்ப்பு வரும். உத்தரப் பிரதேசத்தில் 2024 ஜூலையில் ஆசிரியர்களுக்கு மின்னணு வருகையைக் கட்டாயமாக்கிய அரசு, சில நாளிலேயே போராட்டம் கண்டு நிறுத்தி வைத்தது. இலங்கையில் 2025 ஆகஸ்ட்டில் அஞ்சல் ஊழியர்கள் மேலதிக நேரக் கொடுப்பனவு, கைரேகைப் பதிவு ஆகிய பிரச்சினைகளில் ஒரு வாரம் போல வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு கைரேகையில் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு இடத்திலும் ஊழியர் சொன்ன குறைகளில் பாதி உண்மை: மழையில் பஸ் வராத நாள், கைக்குழந்தைக்காரர்களுக்கு நெகிழ்வான நேரம், தங்கள் முகமும் ரேகையும் யாரிடம் எத்தனை காலம் இருக்கும் என்ற பயம். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்ட பிறகு, ஓய்வு பெற்றவரின் முகப்படத்தை எப்போது அழிப்பார்கள் என்பதைக்கூட எழுத்தில் தராமல் செயலியைத் திணிப்பது சரியில்லை.

கோவையில் இதைச் சரியாகச் செய்வதென்றால் நான் தாலுகா ஆபீசின் வாசலிலிருந்து தொடங்குவேன். உள்ளே யார் இருக்கிறார், முகாம் என்றால் எந்த ஊரில், எப்போது திரும்புவார், பணியிடம் காலியென்றால் பொறுப்பு யாரிடம் என்று மூன்று வரி காலை பத்தரைக்குள் கைபேசியில் தெரிய வேண்டும். தாசில்தாரின் பெயர் அந்தப் பட்டியலில் முதலில் இருக்க வேண்டும். ஊரிலிருந்து கிளம்புகிறவர் பஸ் ஏறுமுன் பார்த்துக்கொள்வார். விடுப்பின் காரணமோ ஊழியரின் இருப்பிடமோ ஊருக்குத் தெரிய வேண்டாம். இருக்கிறாரா என்பது மட்டும் போதும். தில்லி அலுவலகங்களுக்கு 2014-லேயே ஓர் இணையதளத்தில் இதைச் செய்ய முடிந்தது. சேவையைக் குறித்த நாளில் தர வேண்டும் என்று கர்நாடகம் 'சகாலா' என்ற பெயரில் 2012-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்ததைப் போன்ற சட்டமும் இதனோடு சேர வேண்டும். மனு எத்தனை நாள் கிடந்தது என்பது, அலுவலர் எத்தனை மணிக்கு வந்தார் என்பதைவிட மனுதாரருக்குப் பயன்படும் கணக்கு.

வால்பாறைக்கும் தாளவாடிக்கும் இதே செயலியை அப்படியே அனுப்பக் கூடாது. அங்கே முதலில் தேவைப்படுவது குடியிருக்கத் தகுந்த ஊழியர் வீடுகள், மேலே தங்குகிறவர்களுக்குப் போதுமான மலைப்படி, இரண்டோ மூன்றோ ஆண்டு முடித்தவருக்கு அடுத்த கலந்தாய்வில் விரும்பிய ஊர். நல்ல சாலையும் வசதியும் உள்ள பள்ளிகளில் ஆசிரியர் வராமை குறைவு என்று அந்தப் பழைய ஆய்வே கண்டிருக்கிறது. மலை ஒன்றியங்களுக்கு முகப்பதிவுக் கருவி வாங்க டெண்டர் விடும்போது, அதே கோப்பில் பாழடைந்த குடியிருப்புகளைப் பழுதுபார்க்கும் மதிப்பீட்டையும் வைத்து ஒன்றாகவே ஒப்புதல் வாங்கலாம்.